முப்பத்தேழு ஒற்றைக்கண் பொம்மைகள்

ஹமாசாகி மீன்கொத்திகள் இந்த ஆண்டு முதலிடம் பிடிக்கும் என்று ஒவ்வொரு ஆதரவாளரும் பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஆதரவாளர் மாமன்றத்தின் விதி அது. தாளின் தலைப்பு 'பருவ முன்னோட்டம்'. உறுப்பினர் தன் சொந்தக் கருத்தைச் சுதந்திரமாக எழுதலாம் என்று மேலே அச்சிட்டிருக்கும். அந்தச் சொந்தக் கருத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான மாதிரி பின்பக்கத்தில் இருக்கும்.

மீன்கொத்திகள் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணி. ஆறு அணிகள் ஆடும் லீகில் அது கடைசியாக முதலிடம் வந்தது முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகு வந்த இடங்களைச் சொல்லி யாரையும் புண்படுத்த வேண்டியதில்லை. மாமன்றத்தின் ஆண்டறிக்கை அவற்றை 'முதலிடத்துக்கான தயாரிப்பு' என்று குறிப்பிடுகிறது. நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

பருவம் தொடங்கும் முன் மாமன்றம் ஒரு தருமா பொம்மை வாங்கும். கையும் காலும் இல்லாத, காகிதக்கூழில் செய்த சிவப்பு உருண்டை. தள்ளினால் தானே எழுந்து நிற்கும். வாங்கும்போது இரண்டு கண்ணும் வெறும் வெள்ளை. வேண்டுதல் வைத்து ஒரு கண்ணில் கருவிழி வரைவோம், நிறைவேறினால் மற்றதில். நிறைவேறுகிறதோ இல்லையோ, ஆண்டு முடிந்ததும் கோவிலில் கொடுத்து எரித்துவிடுவது ஊர் வழக்கம். மாமன்றம் மட்டும் எரிக்காது. எரித்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே மைதானத்தின் மூன்றாம் எண் கிடங்கில் முப்பத்தேழு பொம்மைகள், ஆளுக்கு ஒரு கண்ணோடு, அலமாரிகளில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் அந்தந்த ஆண்டு குலுக்கலில் தேர்ந்த ஒரு முன்னோட்டத் தாள் இருக்கிறது. அணி முதலிடம் வரும் நாளில் எல்லாப் பொம்மைக்கும் மறுகண் திறந்து, எல்லா வயிற்றையும் பிரித்து, தாள்களை மைதான நடுவில் நின்று ஒலிபெருக்கியில், எழுதியவர் பெயரோடு வாசிக்க வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. அன்று யாராவது தாளில் சந்தேகப்பட்டு எழுதியிருந்ததாகத் தெரிந்தால், ஆதரவாளர்கள் நின்று ஆரவாரிக்கும் வலதுபுறப் பார்வையாளர் மேடையில் அவருக்கு ஆயுளுக்கும் இடமில்லை என்பது அதே விதியின் இரண்டாம் பத்தி. அந்தப் பத்திக்கு இதுவரை வேலை வந்ததில்லை.

இசோபே அந்த மேடையின் பதினான்காம் வரிசையில் நின்று எக்காளம் ஊதுகிறவர். பக்கத்தில் அவர் மனைவி கிகுயோ பெருமுரசு அடிக்கிறாள். இருவரும் சந்தித்துக்கொண்டது அதே வரிசையில்தான்; அன்று அணி பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றது. வாரநாட்களில் இசோபே நகராட்சியின் எடைக்கருவி ஆய்வாளர். மீன் சந்தைத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம். கையில் முத்திரை கிடைத்தால் இந்த மனுஷன் சோற்றுப் பானைக்கும் குத்திவிடுவார் என்று கிகுயோ சொல்வதுண்டு.

குற்றம் நடந்தது அந்தப் பழக்கத்தால்தான். இசோபே அந்த ஆண்டு இரண்டு முன்னோட்டங்கள் எழுதினார். ஒன்று மாமன்றத்துக்கு. இன்னொன்று அலுவலகத் தேநீர் அறையின் சுவருக்கு. அங்கே கணிப்பில் கடைசியாக வருபவர் எல்லாருக்கும் விலாங்கு மீன் சோறு வாங்கித் தர வேண்டும் என்பதால் எல்லாரும் உண்மையை எழுதுவார்கள். இரண்டையும் ஒரே அளவுத் தாளில் எழுதி, இரண்டுக்கும் முத்திரை குத்தினார். பதினோராம் தேதி காலை தேநீர் அறைச் சுவரில் ஒட்டுவதற்காகப் பையைத் திறந்து தாளை எடுத்தார். அதில் 'முதலிடம்' என்று இருந்தது.

அவர் உள்ளங்கால் முதலில் குளிர்ந்தது. பிறகு முழங்கால். குளிர் இடுப்புவரை ஏறியதும் உட்கார்ந்துகொண்டார்.

இழக்கப் போவது என்ன என்பது அவருக்குத் தெரியும். எக்காளம் ஊத மாமன்றத்தின் கைப்பட்டை வேண்டும். முன்னோட்டம் ஏற்கப்பட்டால்தான் அந்த ஆண்டுக்கான கைப்பட்டை கிடைக்கும். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சர் நாகுமோவுக்கு வயது முப்பத்தொன்பது. இதுவே கடைசிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். ஒவ்வொரு மட்டையாளர் ஆட வரும்போதும் மேடை அவருக்கென்று ஒரு மெட்டு பாடும். நாகுமோவின் மெட்டைப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு மீன் சந்தையில், இரண்டு தராசுகளுக்கு நடுவே நின்று போட்டவர் இசோபே. அவர் வாழ்நாளில் செய்த ஒரே பாட்டு. கைப்பட்டை போனால் அதை மாமன்றச் செயலாளர் நெகோரோவின் மருமகன் ஊதுவான். அவன் மூன்றாவது சுரத்தை இழுப்பான்.

அன்று மாலை விஷயத்தைக் கிகுயோவிடம் சொன்னார். அவள் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஆறாவது இடம்னா எழுதினீங்க?"

"ஆமா."

"எனக்கும்தான் தோணிச்சு. தோணுறதையெல்லாம் எழுதுவாங்களா?"

தொலைபேசி அடித்தது. நெகோரோ. மிக மென்மையான குரலில், அவசரமே இல்லை, நாளைக் காலை ஒன்பது மணிக்குச் செயற்குழுவின் முன் வந்தால் போதும் என்றார். நெகோரோ மென்மையாகப் பேசியது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், விலக்கப்பட்ட ஓர் உறுப்பினரிடம். அவர் இப்போது கோல்ஃப் ஆடுகிறாராம்.

செயற்குழு அறையில் பதினோரு பேர் கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் கிதாபதாகே. வயது எழுபத்தொன்று, மீன்கொத்தி நீலத்தில் கோட்டு. நெகோரோ எழுந்து தாளை வாசித்தார். உணர்ச்சி கலக்காமல் வாசித்ததால் ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்டது.

"பந்து வீச்சாளர்களில் நம்பக்கூடியவர் ஒருவர். அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை. புதிதாக வந்திருக்கும் அமெரிக்க மட்டையாளரைப் பற்றிப் பயிற்சி முகாமிலிருந்து ஒன்பது புகைப்படங்கள் வந்துள்ளன. எட்டில் சாப்பிடுகிறார், ஒன்றில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார். மேலாளர் மன உறுதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். மன உறுதியைப் பற்றிப் பேசிய முந்தைய நான்கு மேலாளர்களும் ஜூலையில் உடல்நலக் காரணத்தால் விலகினார்கள். நாகுமோ நல்லவர். அவர் முழங்கால் மடங்கும் சத்தம் பதினான்காம் வரிசைக்குக் கேட்கிறது. அணி பிடிக்கும் இடம்: ஆறு. ஏழாவது இடம் லீகில் இல்லை."

வாசித்துக்கொண்டிருந்தபோது துணைச் செயலாளர் இரண்டு இடங்களில் தலையாட்டினார். மற்றவர்கள் பார்த்ததும் கழுத்து வலி போலத் தேய்த்துக்கொண்டார்.

தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு உண்டு என்று அர்த்தம்.

"இசோபே அவர்களே, முப்பத்தேழு வருஷமா இந்த மாமன்றம் முதலிடம்னு கணிச்சிருக்கு. ஒரு வருஷம்கூட நம்ம கணிப்பு ஆடினதில்ல. ஆடினது அணிதான். அதுக்கு நாம பொறுப்பாக முடியாது. ஆதரவாளர்னா யாரு? கண்ணால பாக்குறதை நம்பாதவர். பாக்குறதை நம்புறதுக்கு நாம எதுக்கு? அதுக்கு டிவி இருக்கு. நீங்க பாத்திருக்கீங்க. பாத்ததோட நிறுத்தாம எழுதியிருக்கீங்க. எழுதினதோட நிறுத்தாம, அதுல ஒரு தப்புகூட இல்லாம எழுதியிருக்கீங்க. இதை மன்னிக்கிறது எப்படி?"

இசோபே எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, அது அலுவலகச் சுவருக்கு எழுதியது என்றும், மாமன்றத்துக்கு எழுதியது பையில் பத்திரமாக இருக்கிறது என்றும் விளக்கினார்.

"அப்போ மனசுல இருக்கிறதை ஆபீஸுக்கு எழுதுறீங்க, எங்களுக்கு வேற எழுதுறீங்க. அப்படித்தானே?" என்றார் நெகோரோ.

"எல்லாரும்..." என்று ஆரம்பித்த இசோபே நிறுத்திக்கொண்டார்.

உறுப்பினர் 'எல்லாரும்' என்று தொடங்கி நிறுத்தினார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று.

முத்திரை குத்திய தாளைத் திரும்பத் தர முடியாது என்றார்கள். பதிலாக, சனிக்கிழமைதோறும் காலை மூன்றாம் எண் கிடங்கில் தனியே உட்கார்ந்து புதிய முன்னோட்டம் ஒன்றை உள்ளத்திலிருந்து எழுத வேண்டும். உள்ளத்திலிருந்து வந்ததா என்பதைச் செயற்குழு சோதிக்கும். சோதனையில் தேறினால் பழைய தாளைப் பற்றி யோசிக்கலாம். கைப்பட்டை அதுவரை நெகோரோவின் மேசை இழுப்பறையில் இருக்கும். சொல்லும்போது அவர் இழுப்பறையைத் திறந்து காட்டி, மூடினார்.

முதல் சனிக்கிழமை இசோபே 'முதலிடம்' என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்து நடுங்குகிறது, சந்தேகத்தின் அறிகுறி என்று திரும்பி வந்தது. இரண்டாம் சனிக்கிழமை நடுங்காமல் எழுதினார். நடுக்கமே இல்லை, அலட்சியத்தின் அறிகுறி என்று திரும்பி வந்தது.

எழுதுவதைவிடக் கஷ்டம் அங்கே உட்கார்ந்திருப்பது. முப்பத்தேழு பொம்மைகளும் மூன்று அலமாரிகளில் அவரைச் சுற்றி நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கண். ஒன்றிரண்டு வெயிலில் வெளுத்திருந்தாலும் கண் மட்டும் புதிதாக இருந்தது. அவை கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். காத்திருப்பது போலப் பார்த்தன. இரண்டாம் சனிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் குளிக்கும்போதுகூட முதுகில் யாரோ பார்ப்பது போலிருந்தது. கிகுயோ முரசுக் குச்சியால் அவர் விலாவில் மெல்லத் தட்டி, "எத்தனை கிலோ எடை குறைஞ்சிருக்கீங்க, தராசு கொண்டு வரவா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டி வந்த சோற்றுருண்டையைப் பிரித்தார். முழங்கை பட்டு, கீழ் அலமாரியின் முதல் பொம்மை உருண்டது. உருண்டு, ஆடி, வழக்கப்படி எழுந்து நின்றது. ஆனால் அடியில் ஒட்டியிருந்த காகிதம் பிரிந்து, நான்காக மடித்த தாள் ஒன்று வெளியே நழுவியது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். முப்பத்தேழு ஆண்டுக்கு முந்தைய முன்னோட்டம்.

அணி பிடிக்கும் இடம்: ஆறு. காரணம்: வெளிப்படை. முத்திரை: கிதாபதாகே.

தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவருக்கு வரும் நிம்மதி இசோபேவுக்கு வரவில்லை. தெரியக் கூடாததைத் தெரிந்துகொண்டோம் என்ற பயம்தான் வந்தது. தாளை அவசரமாகத் திணித்தார். பசை இல்லை. சோற்றைப் பிசைந்து, பொம்மையின் அடியில் தடவி, காகிதத்தை அழுத்திப் பிடித்தார். அப்போது கதவு திறந்தது.

தலைவர் நின்றார். இசோபேயின் விரல்களைப் பார்த்தார். விரல்களில் பருக்கைகள்.

"சோறு ஒட்டாது," என்றார் கிதாபதாகே. "மழைக்காலத்துல பூசணம் பிடிச்சிடும். பசை மேல் அலமாரியில இருக்கு."

அவரே எடுத்துக் கொடுத்தார். பழகிய கை. பொம்மையை மடியில் வைத்து, குழந்தைக்குத் துணி மாற்றுவது போல அடிப்பக்கத்தை ஒட்டினார். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, அடுத்த பொம்மையில் நெகோரோவின் தாள் இருப்பதாகவும், அதற்கடுத்து துணைச் செயலாளர் என்றும், அப்படியே வரிசையாகவும் சொன்னார்.

"எல்லாத்துலயும் ஆறா, தலைவரே?"

"ஒருத்தர் மட்டும் அஞ்சு. அவரைச் செயற்குழுவுல சேர்க்கலாமான்னு ரொம்ப நாள் யோசிச்சோம்."

செயற்குழுவில் சேர்வதற்குத் தகுதி இதுதான் என்பதை இசோபே அப்போதுதான் புரிந்துகொண்டார். சில ஆண்டுகளில் யாரும் மாட்டுவதில்லை. அப்போதுதான் நிஜமாகவே குலுக்கல்.

"முத்திரை குத்தின தாளைக் கிழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, எரிக்கக் கூடாது. நாலாம் விதி, நானே எழுதினது. ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு விதி இல்ல. இந்த ஊர்ல எந்தக் காலத்துலயும் யாரும் திறக்கப் போறதில்லாத இடம் எதுன்னு யோசிச்சோம்." தலைவர் பொம்மையின் வயிற்றைத் தட்டினார். உள்ளே தாள் சரசரத்தது.

"அணி ஜெயிச்சிட்டா?"

கிதாபதாகே பசையை மூடி மேல் அலமாரியில் வைத்தார். முப்பத்தேழு கண்களும் அவருடைய பதிலுக்குக் காத்திருந்தன.

"ஒவ்வொரு ஏப்ரலும், பருவம் தொடங்கினதும், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்," என்றார். "மே மாசம் இறங்கிடும்."

அன்றே ஏற்பாடு முடிந்தது. இசோபேயின் 'ஆறு' முப்பத்தெட்டாம் பொம்மையின் வயிற்றுக்குள் போகும். கைப்பட்டை அவர் கைக்கு வரும். பன்னிரண்டாவது உறுப்பினராகச் செயற்குழுவில் பெயரும் சேரும். மனைவியிடம்கூட மூச்சு விடக் கூடாது. இசோபே இடுப்பை வளைத்து நன்றி சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போது கைப்பட்டை சட்டைப்பையில் கனத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அணி தோற்றுவிடுமோ என்று பயந்து வாழ்ந்தவர் அவர். அந்தப் பயம் இன்று காணவில்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

மார்ச் மாதம் ஒரு விபரீதம் நடந்தது. பருவத்துக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்களில் மீன்கொத்திகள் தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் ஜெயித்தன. சாப்பிட்டுக்கொண்டேயிருந்த அமெரிக்கர் சாப்பிட்டு முடித்திருந்தார். பந்தை வேலிக்கு வெளியே, வாகன நிறுத்தத்தில், மேலாளரின் கார் மேல் அடித்தார். தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் பந்து முன்பைவிட வேகமாக வந்தது. ஊரில் பேக்கரிகள் நீல ரொட்டி சுட்டன. நம்பிக்கை இல்லாத ஊரில் நம்பிக்கை பரவினால் அதற்கு எல்லை கிடையாது. பல் மருத்துவர்கூட நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வெற்றி ஊர்வலத்தின் பாதையை விளக்கினார்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. இசோபே முதல் முறையாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பன்னிரண்டு முகங்களும் சாவு வீட்டு முகங்கள். தலைவரின் பேச்சு அன்று சுருக்கமாக இருந்தது.

"அணி ஜெயிக்கணும்னு விரும்புறது வேற. அணி ஜெயிக்கிறது வேற. முதலாவது நம்ம கடமை. ரெண்டாவது நம்ம கட்டுப்பாட்டுல இல்லாத விஷயம். கட்டுப்பாட்டுல இல்லாத விஷயங்களை இந்த மாமன்றம் என்னைக்கும் ஆதரிச்சதில்ல."

கைதட்டினார்கள். வெற்றி வேண்டுதலுக்கு அணியோடு ஷின்டோ ஆலயத்துக்குப் போனபோது, பன்னிரண்டு பேரும் மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் தலை குனிந்து கைகூப்பி நின்றார்கள். என்ன பக்தி என்று உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. என்ன வேண்டிக்கொண்டார்கள் என்பது படத்தில் தெரியவில்லை.

பருவத்தின் முதல் ஆட்டம். வலதுபுற மேடை நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் செயற்குழு, அவர்களுக்கு நடுவே நாற்காலி போட்டு முப்பத்தெட்டாம் பொம்மை. பதினான்காம் வரிசையில் கைப்பட்டையோடு இசோபே. கடைசி இன்னிங்ஸ்; மீன்கொத்திகள் ஒரு ரன் பின்னே; இரண்டு பேர் அவுட், மூன்றாமவரும் அவுட்டானால் தோல்வி; மூன்று பேஸிலும் ரன்னுக்கு ஓடக் காத்திருக்கும் ஆள். ஒலிபெருக்கி நாகுமோவின் பெயரைச் சொன்னது. நாகுமோ தன் முழங்காலைத் தேய்த்தபடி வந்து நின்றார்.

முதல் வரிசையில் செயற்குழுவின் மற்றப் பதினோரு தலைகளும் திரும்பி இசோபேயைப் பார்த்தன. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெட்டு தாளம் தவறினால் மட்டை தவறும் என்று எங்கள் மேடையில் எல்லாரும் நம்புகிறோம். மூன்றாவது சுரத்தை அரை நொடி இழுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. நெகோரோவின் மருமகன் தினமும் செய்கிற காரியம்.

இசோபே எக்காளத்தை உதட்டில் வைத்தார். கிகுயோ முரசை ஓங்கி, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். இழுக்கலாம் என்றுதான் அவர் முடிவு செய்தார். ஆனால் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிசகான தராசுக்கு முத்திரை குத்தாத கை அது; மூச்சும் அதே ஆளுடையதுதான். மூன்றாவது சுரம் அதன் நேரத்துக்கு வந்தது, ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லாமல்.

நாகுமோ அடித்தார். மட்டையின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து விளக்குகளுக்கு மேலே ஏறி, வலதுபுற மேடையை நோக்கி வளைந்து, முதல் வரிசையில் கிதாபதாகேயின் மடியில் விழுந்தது. வேலி தாண்டியதால் நான்கு ரன்; மீன்கொத்திகள் ஜெயித்துவிட்டன. அவர் பந்தை, யாரோ கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மேடையில் நாலாயிரம் பேர் குதித்ததில் நாற்காலி ஆடியது. பொம்மை சாய்ந்தது, தானே நிமிர்ந்தது, ஒற்றைக் கண்ணால் பதினான்காம் வரிசையைப் பார்த்தது.

இசோபேயின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. எதற்கு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாகுமோ நொண்டியபடி மூன்றாம் பேஸைக் கடந்து, மேடையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"என்னங்க, முகமெல்லாம் வெளிறிப் போச்சு," என்று கிகுயோ அவர் தோளை உலுக்கினாள். "சந்தோஷம் தாங்கலையா?"

"பயமா இருக்கு."

"எதுக்கு?"

"நல்லா ஆடுறாங்க."

கிகுயோ அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு முரசுக் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"கவலைப்படாதீங்க," என்றாள். "இன்னும் நூத்தி நாப்பத்திரெண்டு ஆட்டம் இருக்கு."